பள்ளி முடித்தபின் இன்னும் ஒரு பள்ளியாண்டு

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் ஏறினால், கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவார், குறள் இரண்டு சொல்வார், இறங்கிவிடுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. யாம் இன்று கூடைப்பந்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதுவும் அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்தைப் பற்றி. தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர் சற்றே திகைத்தார். ஆயினும் இடம் கொடுத்தார். அவருக்கு நன்றி.

இத்தலைப்பை எமக்குத் தந்தவர்கள் நம் இளைஞர்களே. விடுதிக்குப் பின்னாலுள்ள திடலில் மாலைதோறும் பந்தாடும் பிள்ளைகளுள் ஒருவர் ஒரு நாள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் 'போஸ்ட் கிராஜுவேட்' என்று அச்சிட்டிருந்தது. "ஐயா, இவனுக்குப் பதினெட்டு வயதுதான் ஆகிறது. அதற்குள் எப்படி எம்.ஏ. முடித்தான்?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. பி.ஏ., பி.எட். என்ற அளவில் நின்று, முப்பதாண்டு பணியாற்றியும் முதுகலை ஆசிரியர் என்னும் பதவிப் பெயரை எட்டாத எமக்கு, அந்தப் பையன்மேல் சிறிது பொறாமை ஏற்பட்டதென்றே ஒப்புக்கொள்கிறோம். பிறகு தேடிப் படித்தோம். படித்தவை எம்மை எளிதில் விடவில்லை. ஆதலின் இங்கே சொல்ல வந்தோம்.

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவனையே 'கிராஜுவேட்' என்கிறார்கள். ஆகவே 'போஸ்ட் கிராஜுவேட்' என்றால், பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழும் பெற்றபின், கல்லூரிக்குப் போகாமல், வேறொரு தனியார் பள்ளியில் மேலும் ஓராண்டு மாணவனாக அமர்ந்திருப்பவன் என்று பொருள். பதின்மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பள்ளிகளைப் 'பிரெப் ஸ்கூல்' என்பர். கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி என்பது அதன் பொருள். அவற்றுள் சில மிகப் பழையவை. ஆண்டோவரில் உள்ள பிலிப்ஸ் பள்ளி 1778இலும், எக்ஸிட்டரில் உள்ள பிலிப்ஸ் பள்ளி 1781இலும் தொடங்கப்பட்டவை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளை ஹார்வர்டுக்கும் யேலுக்கும் அனுப்பிவைப்பதே அவற்றின் பழைய தொழில். அத்தகைய பள்ளிகளின் வாசலுக்கு ஏழைக் கறுப்பினப் பையன்கள் கூடைப்பந்துடன் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே கதை.

அந்நாட்டில் கல்லூரி விளையாட்டு நம் நாட்டைப் போல ஓரமாக நடப்பதன்று. நன்றாக ஆடுபவனுக்குக் கல்லூரி கட்டணத்தையும் தங்குமிடத்தையும் உணவையும் தானே ஏற்றுக்கொள்கிறது. இதற்கான விதிகளை வகுப்பது என்.சி.ஏ.ஏ. எனப்படும் சங்கம். அது 1906இல் தோன்றியது. அதன் முதற்பிரிவில் ஆடவர் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 350க்கு மேல். ஒவ்வொன்றும் நெடுங்காலம் 13 பேருக்குமட்டுமே உதவித்தொகை வழங்கலாம் என்றிருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்களோ ஐந்து லட்சத்திற்கு மேல். அவர்களுள் முதற்பிரிவுக் கல்லூரியை அடைபவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். அந்த ஒருவரைத் தேடிப் பயிற்சியாளர்கள் நாடெங்கும் அலைகிறார்கள். பள்ளி ஆட்டங்களில் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். தாயிடம் சென்று வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். பையனிடம் கையொப்பம் வாங்குகிறார்கள்.

முதற்பிரிவில் ஆடும் ஆடவருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின இளைஞர்கள். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார் என்பதை நம் இளைஞர் பலர் அறிவர். கடல் கடந்த அம்மக்களின் வழக்கை அவர் அயலார் வழக்காக எண்ணவில்லை. அந்த உரிமையில்தான் யாமும் இதைப் படித்தோம்.

1983ஆம் ஆண்டு ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன் மாநாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் எண் 48. அது 1986இல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரியில் முதலாண்டே ஆட வேண்டுமாயின், பள்ளியில் பதினொரு முதன்மைப் பாடங்களில் நான்குக்கு இரண்டு என்னும் சராசரி வேண்டும், எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 700 வேண்டும். அத்தேர்வில் மதிப்பெண் தொடங்குவதே 400இல்தான் என்பதால், 700 என்பது பெரிய உயரமன்று என்று விதி செய்தோர் கூறினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஆட்டத்திற்காகக் கல்லூரியில் சேர்த்து, நான்காண்டு ஆடவிட்டுப் பின் வெறுங்கையுடன் அனுப்பும் கொடுமை நடந்ததும் உண்மையே. அதைத் தடுக்க எழுந்த விதி அது. தேறாதவன் உதவித்தொகையில் சேரலாம். ஆனால் ஓராண்டு ஆடக்கூடாது. அந்த ஆண்டு அவன் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

1989 ஜனவரியில் இன்னும் இறுக்கினர். தீர்மானம் 42இன்படி, அத்தகையவனுக்கு முதலாண்டில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது என்றாயிற்று. அந்த மாதம் 14ஆம் நாள், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் தாம்சன், பாஸ்டன் கல்லூரியுடன் நடக்கவிருந்த ஆட்டம் தொடங்கும் வேளையில் எழுந்து, அணியைத் துணைப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, அரங்கைவிட்டு வெளியே நடந்தார். சாதாரணமான மனிதரல்லர் அவர். 1984இல் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். எந்தத் தேர்வு ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் வடிகட்டுகிறதோ, அதையே வாயிற்காவலனாக நிறுத்துகிறீர்களே என்பது அவர் வழக்கு. டெம்பிள் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் சேனியும் அவ்வாறே முழங்கினார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் கறுப்பினத்தவரே. 1975இல் விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்ற ஆர்தர் ஆஷ். தம் மக்கள் ஆடுகளத்தில் செலவிடும் நேரத்தை நூலகத்தில் செலவிட வேண்டுமென்று 1977லேயே பெற்றோருக்கு வெளிப்படையாக எழுதியவர் அவர். கோட்டை உயர்த்தினால் பிள்ளைகள் உயர்ந்து வருவார்கள், தாழ்த்திவைப்பதே அவமதிப்பு என்பது அவர் கட்சி.

இவ்விருவர் வாதத்தையும் படித்த இரவு எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஆசிரியர் என்ற முறையில் எம் நெஞ்சம் ஆஷ் பக்கமே சாய்ந்தது. உன்னால் முடியாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லாமற் சொல்லும் சலுகையை யாம் என்றும் வெறுத்தே வந்துள்ளோம். ஆனால் எம் தந்தையார் கைநாட்டு வைத்தவர். எமது பள்ளிநாள்களில் வீட்டில் விளக்கெரிந்த நாள்களை எண்ணிவிடலாம். அதே தேர்வை யாமும் அடுத்த தெரு மருத்துவர் மகனும் ஒரே மணியில் எழுதினோம். அதை நினைத்தால் தாம்சன் எழுந்து நடந்தது சரியே என்று தோன்றுகிறது. இருவருள் ஒருவரைத் தள்ள எம்மால் இயலவில்லை. அந்த 42ஆம் தீர்மானத்தை மறு ஆண்டே சற்றுத் தளர்த்தினார்கள். 1996இல் வந்த அடுத்த விதியை எதிர்த்துக் கறுப்பின மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1999 மார்ச்சில் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது.

வாதம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பையன்கள் ஒரு பக்கவாசலைக் கண்டுகொண்டார்கள். அதுதான் இந்தப் பதின்மூன்றாம் வகுப்பு. இதன் நுட்பத்தைச் சற்றுக் கவனியுங்கள். கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் ஐந்தாண்டுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்த விதி. கல்லூரியில் சேர்ந்து தேறாமல் உட்கார்ந்தால் அந்தக் கடிகாரம் ஓடும். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்குப் போனாலும் ஓடும். ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு அமர்ந்தாலோ கடிகாரம் ஓடுவதில்லை. அங்கே எஸ்.ஏ.டி. தேர்வை மீண்டும் எழுதலாம்; விட்ட பாடத்தைப் படிக்கலாம்; உடம்பும் ஓராண்டு முதிரும்; ஆட்டமும் பலர் கண்ணில் படும். ஆகவே பயிற்சியாளர்களே தாம் விரும்பிய பையன்களை அங்கே அனுப்பிவைத்துக் காத்திருந்தனர்.

மெயின் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் 1866இல் தொடங்கிய மெயின் சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் என்றொரு பள்ளி உண்டு. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் அதுவே பள்ளி. பனி கொட்டும் அந்த வடகோடி ஊரில் மேக்ஸ் குட் என்னும் பயிற்சியாளர் 1989 முதல் பத்தாண்டுக் காலம் ஒரு போஸ்ட் கிராஜுவேட் அணியை நடத்தினார். பெருநகரங்களின் பையன்கள் அங்கே வந்து தங்கிப் படித்தனர். பின்னாளில் என்.பி.ஏ. ஆட்டக்காரரான சாம் கசெல் பால்டிமோரிலிருந்து வந்தவர்.

அப்பள்ளியின் பழைய மாணவர்களுள் எம் மனத்தில் நின்றவர் கரோன் பட்லர். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் 1980இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தெருவில் போதைப்பொருள் விற்றவர். பதினைந்து வயதளவில் கைதாகிச் சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருந்தவர். வெளியே வந்தபின் ஹாம்பர்கர் கடையில் வேலை பார்த்தார். பிறகு அந்தப் பனியூர்ப் பள்ளிக்குச் சென்று, தேர்வில் தேறும்வரை அமர்ந்து படித்து, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2002இல் மயாமி ஹீட் அணி அவரைப் பத்தாவது ஆளாகத் தெரிவு செய்தது. தம் வரலாற்றை அவர் 2015இல் நூலாக வெளியிட்டார். ஊரைவிட்டு, கூட்டாளிகளைவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு விடுதிக் கட்டிலில் படுத்த அந்தக் காலம் அவருக்குத் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரியதைத் தந்திருக்க வேண்டும் என்பது எமது கருத்து. நம் சங்கத்து விடுதியில் இருபத்தைந்து ஆண்டு பிள்ளைகள் வந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்கிரேவ் ராணுவப் பள்ளி என்று ஒன்று. சீருடை, அணிவகுப்பு, அதிகாலை எழுச்சி எல்லாம் உண்டு. எஸ்.ஏ.டி. தேர்வில் தேவையான மதிப்பெண் கிட்டாத ஜோஷ் ஹவர்ட் அங்கே ஓராண்டு இருந்து, பின்னர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் ஆடி, 2003இல் அட்லாண்டிக் கரை மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரரானார். சேவியர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வெஸ்டும் ஹார்கிரேவிலிருந்து வந்தவரே. அவர் அதே 2003இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டார். ஒரே ஆண்டில் இருவர்; இருவரும் ஒரே பள்ளியின் பதின்மூன்றாம் வகுப்பு மாணவர்.

இவ்விடத்தில் இன்னொரு பள்ளியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் மவுண்ட் ஹெர்மன் என்ற பள்ளி 1881இல் டி.எல். மூடி என்னும் சமயப் பேச்சாளரால் ஏழைப் பையன்களுக்காகவே தொடங்கப்பட்டது. மாணவர்கள் தாமே பாத்திரம் துலக்கி, வயலில் உழைத்துப் படித்தார்கள். மாணவர் வேலை செய்யும் அந்த வழக்கம் நார்த்ஃபீல்ட் மவுண்ட் ஹெர்மன் என்ற பெயரில் உள்ள இன்றைய பள்ளியிலும் தொடர்கிறது. அதே ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் மாடத்தின் விளிம்பில் இரண்டு பழக்கூடைகளை அடித்துக் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். இன்று அப்பள்ளியின் கூடைப்பந்து அணி பெயர் பெற்றது. அதன் பையன்கள் பலர் விளையாட்டுக்கென உதவித்தொகை தராத ஐவி கல்லூரிகளுக்கும் செல்கிறார்கள். விடுதியுடன் ஆண்டுக் கட்டணம் 70,000 டாலருக்கு மேல். உதவி பெற்றுச் சேர்வோர் உண்டு. எனினும் ஏழைக்கென்று எழுந்த கட்டடத்தில் ஏழை இன்று உதவி கேட்டு நுழைய வேண்டியிருக்கிறது.

கதவு ஒன்று திறந்தால் அதன்முன் கடை வைப்பவரும் வந்துவிடுவர். பள்ளியென்று பெயர்ப்பலகை மாட்டி, வாடகைக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடமும் ஒரு வீடும் பிடித்து, பையன்களை நெருக்கித் தங்கவைத்து, பாடமே நடத்தாமல் ஆடவிட்டவர்கள் தோன்றினார்கள். மயாமி நகரிலிருந்து நடந்த ஓர் அஞ்சல்வழிப் பள்ளி, வகுப்பே இல்லாமல் 399 டாலருக்குப் பள்ளிச் சான்றிதழ் வழங்கியதை 2005 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஏடு வெளியிட்டது. மறு ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் ஏடு கூடைப்பந்துப் பள்ளிகளைத் தோண்டியது. என்.சி.ஏ.ஏ. விழித்துக்கொண்டு, எந்தெந்தப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஏற்பதில்லை என்று 2006இல் பட்டியல் வெளியிட்டது. பட்டியலில் பெயர் வந்தது பள்ளிக்கு. ஆனால் அதை நம்பி ஓராண்டு வீட்டைவிட்டுப் போயிருந்த பையனுக்குப் போனது அவனுடைய ஆண்டு. அதை யாரும் திருப்பித் தந்ததாகத் தெரியவில்லை.

இனி யாம் சொல்லப்போவதே இவ்வுரையின் மையம். இளைஞர்கள் இங்கே சற்றுச் செவி சாய்க்க வேண்டும்.

போலிப் பள்ளிகளை ஒழிக்கவென்று 2007இல் என்.சி.ஏ.ஏ. வேறொரு விதி கொண்டுவந்தது. முதன்மைப் பாடங்கள் அனைத்தும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான்காண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் ஒரே ஒரு பாடத்தைமட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு, அதாவது 2008இல், முதன்மைப் பாடங்களின் எண்ணிக்கை பதினாறாயிற்று. 2016இல் இன்னொரு பூட்டு. பதினாறில் பத்துப் பாடங்களை, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். முடித்த அந்தப் பத்தின் மதிப்பெண்ணைப் பின்னர் உயர்த்திக்கொள்ள இயலாது. சராசரியும் இரண்டிலிருந்து 2.3 ஆயிற்று. 2023 ஜனவரியில் எஸ்.ஏ.டி. தேவையை அறவே நீக்கினார்கள். தாம்சன் எதிர்த்த தேர்வு போயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 2020இல் மறைந்துவிட்டார்.

இதன் விளைவு என்ன? பட்லரைப் போலப் பின்னால் வந்து படித்துத் தேறும் வழி பெரும்பாலும் அடைபட்டது. பதினெட்டு வயதில் விழித்துக்கொள்பவனுக்குக் கிடைப்பது ஒரு பாடம். அவன் கதை பதினான்கு வயதிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்குப் பாடத்தை எடுத்தான், எந்த ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தார்கள் என்பதே கணக்கு. பாடத்தை அவன் பெயரளவுக்குப் படித்திருப்பான், அது என்.சி.ஏ.ஏ. ஏற்கும் பாடமா என்பது அவனுக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. படித்த வீட்டில் தந்தை கேட்டு வைத்திருப்பார். மற்ற வீட்டில் கேட்க வேண்டியவர் பள்ளியில் உள்ள ஆலோசகர். ஏழைப் பள்ளிகளில் ஒரே ஆலோசகர் சில நூறு பிள்ளைகளைப் பார்க்கிறார். போலிகளைப் பிடிக்க வீசிய வலையில் சிக்கியவன், யாரும் சொல்லித்தராத பையனே. விதி செய்தவர்கள் கெட்ட எண்ணத்தால் செய்தார்கள் என்று யாம் கூறவில்லை. ஆனால் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த விதி நான்காண்டு நீளமாக்கிவிட்டது.

இதைப் படித்தபோது எமக்கு நினைவுக்கு வந்தவன் எம் பள்ளி மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம். நெடிய உடல், பந்தைக் கையில் எடுத்தால் திடலே அடங்கிப் பார்க்கும். மாவட்ட அணிக்கு ஆடினான். மாநிலப் போட்டிக்கும் சென்று வந்தான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, உரிய படிவத்தில், உரிய அலுவலரின் கையொப்பத்துடன் சான்று கேட்டனர். அவனிடம் இருந்தவை ஒரு புகைப்படமும் ஒரு கோப்பையும். அந்தந்த ஆண்டே படிவத்தை நிரப்பிக் கையொப்பம் பெற்று வைத்துக்கொள் என்று அவனிடம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர் யாமே. எமக்கே அந்தப் படிவம் இருப்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் தோன்றவில்லை. கோப்பையுடன் அவனைக் காலைக் கூட்டத்தில் நிறுத்திக் கைதட்டச் சொன்னோம், அவ்வளவே. இன்று அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். எங்கே கண்டாலும் வண்டியை நிறுத்தி இறங்கி வணக்கம் சொல்கிறான். அந்த வணக்கத்தை ஏற்கும்போது எமக்குத் தலை நிமிர்வதில்லை.

கூடுதல் ஓராண்டு என்பதும் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம் ஊரில் நீட் தேர்வுக்கென்று மறு ஆண்டும் பயிற்சி நிலையத்தில் அமர்பவர் யார், முதல் முயற்சியிலேயே வேலைக்குப் போய்விடுபவர் யார் என்று நீங்களே அறிவீர்கள்.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். மதிப்பெண்ணைச் சரிசெய்ய அந்த ஆண்டு பயன்படாது போனபின்பும், போஸ்ட் கிராஜுவேட் பையன்கள் குறையவில்லை. இப்போது காரணம் வேறு. ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டக்காரர் மாறுவதற்கான பதிவேடு 2018 அக்டோபரில் வந்தது. மாறினால் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2021இல் முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024இல் எத்தனை முறை வேண்டுமாயினும் மாறலாம் என்றாயிற்று. கொரோனாக் காலத்தில் ஆடியவர்களுக்கு ஓராண்டு கூடுதலாகவும் கொடுத்தார்கள். பயிற்சியாளர் என்ன செய்வார்? இருபத்திரண்டு வயது நிரம்பிய, கல்லூரி ஆட்டம் பழகிய ஆளைப் பிற கல்லூரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். பதினெட்டு வயதுப் பையன் வெளியே நிற்கிறான். நிற்கும் காலத்தைப் பள்ளியில் கழிக்கிறான்.

பணமும் நுழைந்துவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே நேராக அவர்களுக்குப் பணம் தரலாம்; அதில் சேர்ந்த கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 பேர் என்பது வரம்பு. பல்லாண்டுகளாக அவர்கள் உழைப்பில் பிறர் வாழ்ந்ததைப் பார்க்கும்போது இது நியாயமே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் பணம் வந்த இடத்தில் தரகரும் வருவார். கட்டணம் கட்டினால் உங்கள் மகனைப் பெரிய கல்லூரியில் ஆடவைப்போம் என்று கூறும் புதுப்புது ஆயத்தக் கூடங்கள் பெருகியுள்ளன. அணியின் பெயர் பெரிதாக இருக்கிறது. வகுப்பறை எங்கே என்று கேட்டால் கணினியைக் காட்டுகிறார்கள்.

கல்லூரியைக் கடந்தே போய்விட்டவர்களும் சிலர் உண்டு. பள்ளி முடித்து ஓராண்டு கழியாமலும் பத்தொன்பது வயது நிரம்பும் ஆண்டு வராமலும் என்.பி.ஏ. அணியில் சேரக்கூடாது என்று 2005இல் ஒரு விதி வந்தது. இந்தப் பதின்மூன்றாம் வகுப்பையே அந்த ஓராண்டாகக் கணக்குக் காட்டி நுழைந்தார்கள். தெற்கு சூடானில் பிறந்த தான் மேக்கர் 2016இல் பத்தாவது ஆளாகவும், ஃபுளோரிடாவின் ஆன்ஃபர்னி சைமன்ஸ் 2018இல் இருபத்து நான்காவது ஆளாகவும் எடுக்கப்பட்டனர்.

இவ்விருவருக்கும் முன்னரே அவ்வழியில் சென்றவர் ஓர் இந்தியர் என்பதை நம் திடல் இளைஞர்கள்கூட அறிந்திருக்கவில்லை. பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் பிறந்த சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம். 2010இல் பதினான்கு வயதில், வேறு சில இந்தியச் சிறுவர் சிறுமியருடன் உதவித்தொகையில் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்றார். போய் இறங்கியபோது ஆங்கிலம் தெரியாது. அங்கேயே ஐந்தாண்டு. 2015 ஜூனில் டல்லஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் அவ்வாறு தெரிவு பெற்றது அதுவே முதல் முறை. நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் அவர் களமிறங்க நேரவில்லை. கீழணியில் ஆடி, இந்தியா திரும்பி, பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தடையும் பெற்று, இப்போது மற்போர்க் காட்சிகளில் பெயர் பெற்றுள்ளார். அவரைக் குறைத்துச் சொல்ல எமக்கு உரிமையில்லை. அந்த உயரத்துக்கு அவர் ஏறியது பெரிது. ஆனாலும், அந்த ஐந்தாண்டுக்குப் பின் ஒரு கல்லூரியும் அவருக்கு வாய்த்திருந்தால் என்ற எண்ணம் எம்மைவிட்டு அகலவில்லை. ஆசிரியர் புத்தி வேறெப்படி எண்ணும்?

நேரம் ஆகிறது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு செய்தி சொல்லி அமர்கிறோம். செயலாளரும் யாமும் கலந்து பேசி, விடுதி நூலகத்தில் ஒரு பேரேடு வைப்பதென முடிவு செய்துள்ளோம். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலிருந்து, நம் சமுதாயத்துப் பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொருவர் பெயரும் அதில் ஏறும். சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம், ஆடும் பிள்ளையாயின் விளையாட்டுப் படிவங்கள், பதினொன்றாம் வகுப்பில் எடுக்க நினைக்கும் பாடப்பிரிவு, அப்பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும், எதற்கு விடாது என்பவை எல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதப்படும். ஆண்டுக்கு இருமுறை பார்த்துத் திருத்த வேண்டும். இதற்கு நான்கு இளைஞர்கள் தேவை. இருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் கைபேசியுடன் வந்து எம்மைக் கேள்வி கேட்டவர். மற்றவர் சரக்கு வண்டி ஓட்டும் எம் பழைய மாணவர். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எடுப்பதில்லை, அன்று வருகிறேன் ஐயா என்று சொல்லியுள்ளார். மீதி இரண்டு இடங்களுக்கு விருப்பமுள்ளோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.